தேதி இல்லாத தாள்

ஜனவரி 6, திங்கள்

கவிதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிற்பாடு யாரும் வந்து கேட்கக் கூடாது. நான் மெக்கானிக்கல் படித்தவன். பால் பவுடர் ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர். டைரி எழுதுகிற ஆளும் இல்லை. இது ஆலை கொடுத்த புத்தாண்டு டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பாதுகாப்பு வாசகம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: "வேலையைத் தொடும் முன் வால்வைத் தொடு."

இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டில் நாகஜோதி அக்கா நிற்கிறார். எங்கள் ஃபிட்டர் சோலைமலை அண்ணனின் மனைவி. அண்ணன் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. அக்கா கையில் பிஸ்கட் டின்.

"தம்பி, அவரு எழுதுன கவிதை எல்லாம் இதுல இருக்கு. அறுவத்து மூணு. புஸ்தகமாப் போடணும். எது முன்ன, எது பின்னன்னு அடுக்கித் தாங்க."

"நானாக்கா? எனக்கு இதெல்லாம் வராதுக்கா. தமிழ் வாத்தியார் யாருகிட்டயாவது..."

"வாத்தியாருக்கு இந்தத் தாளப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

டின்னை வாங்கிக்கொண்டேன். மறுக்க முடியவில்லை. காரணம் எழுதத் தேவையில்லை.

ஜனவரி 7

எல்லாமே எங்கள் ஆலையின் பெர்மிட், அதாவது வேலை அனுமதித் தாள்கள். முன்பக்கம் வேலை, பின்பக்கம் கவிதை. பின்பக்கத்தின் தலையில் "இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள்" என்று அச்சாகியிருக்கும். அதற்கு நேர் கீழேயே ஆரம்பித்திருக்கிறார். அந்த ஆளின் திமிர் அப்படி.

வேலை முடிந்தால் பெர்மிட் குப்பைக்குத்தான் போகும். குப்பையிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். அறுபத்திரண்டு தாளில் தேதி, ஷிப்ட், தொடங்கிய நேரம் எல்லாம் முன்பக்கம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை. அதில் குழம்புக் கறை வேறு. தள்ளி வைத்தேன்.

சோலைமலை அண்ணன் செப்டம்பர் 19ஆம் தேதி நீராவிக் குழாயின் இணைப்பைக் கழற்றும்போது வெந்துபோனார். மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். பெர்மிட் வாங்காமல் வேலையைத் தொடங்கியது அவருடைய கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அறிக்கையில் என் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம்.

ஜனவரி 9

எக்செல்லில் ஏற்றிவிட்டேன். வரிசை எண், முதல் வரி, மொத்த வரி, பொருள். பொருள் வாரியாகப் பிரித்தால் வேலை 24, சாப்பாடு 11, மனைவி 15, மழை 5, மற்றவை 7. ஆக 62. ஒன்றரை மணி நேர வேலை. இதற்குப் போய் ஆளாளுக்குத் தொகுப்பு, தொகுப்பு என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

ஜனவரி 11, சனி

பேகம்பூரில் ஹமீதா என்பவர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் வருகிற வருமானத்தில் வருடத்துக்கு இரண்டு கவிதைப் புத்தகம் போடுவாராம். நாற்பது வயது இருக்கும். என் பிரிண்ட் அவுட்டை ஐந்து நிமிஷம் புரட்டினார்.

"இன்ஜினியர், இது என்ன?"

"தொகுப்பு."

"இல்ல, ஸ்டோர் ரூம். நட்டு ஒரு டப்பா, போல்ட்டு ஒரு டப்பா. மழைக் கவிதை அஞ்சையும் ஒரே இடத்துல கொட்டியிருக்கீங்க. மூணாவது கவிதையில படிக்கிறவன் குடையப் பிடிச்சுட்டு ஓடிருவான்."

"தேடி எடுக்க வசதியா இருக்கும்ல?"

"கவிதையத் தேடி எடுத்து என்ன, ரிப்பேரா பாக்கப் போறான்?" என்றவர், ஒரு தாளை உயர்த்தி, "ஆமா, இது என்ன தாளு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஆபத்தான வேலை எதையும் ஃபிட்டர் தானாகத் தொடக் கூடாது. ஷிப்ட் இன்ஜினியர் நேரில் போக வேண்டும். வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் கையால் அதற்குப் பூட்டுப் போட வேண்டும். பிறகு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

"அப்ப இந்தக் கையெழுத்தெல்லாம் உங்களுதா?"

"பாதிக்கு மேல."

"நல்ல கையெழுத்து. நிறையப் போட்டுப் பழகுன கை."

எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். ஆலைக்கு லீவு கிடையாது. மாடு லீவு விடாதே.

ஜனவரி 18

ஹமீதாவின் பேச்சுக்காக இல்லை, எனக்கே பொருள் வாரி வரிசை பிடிக்காமல் போய்விட்டது. தேதி வாரியாக மாற்றினேன். வீட்டுத் தரை முழுக்கத் தாளைப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் படித்தேன்.

இதுவும் சரியில்லை. இது முன்னதைவிட மோசம். தேதிப்படி போனால் எல்லாக் கவிதையும் செப்டம்பரைப் பார்த்து நடக்கிறது. ஜூலையில் வடையைப் பற்றி எழுதிய கவிதைகூடச் சாவைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. அந்த ஆள் சாகப்போகிறவராக எழுதவே இல்லை. டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு எழுதினார். அவரைப் புத்தகம் முழுக்கச் சாகடித்துக்கொண்டே போக நான் சம்மதிக்க மாட்டேன்.

தாள்களை அள்ளி டின்னில் போட்டுவிட்டேன். தேதி இல்லாதது மட்டும் இந்த டைரியின் பின்னட்டைப் பையில் இருக்கிறது. டின்னில் கலந்துவிட்டால் கணக்குக் குழம்பும்.

ஜனவரி 24

ஆலை மேலாளர் கிரிதரன் சார் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"நல்ல காரியம்ப்பா ஜெரால்டு. மார்ச் நாலு பாதுகாப்பு வாரம் ஆரம்பம். மேடையிலயே வெளியிட்டுருவோம். அந்தம்மாவுக்குப் பொன்னாடை. முன்னுரை நானே தர்றேன். கவனம் தவறினா என்ன ஆகும்னு தொழிலாளிக்கு ஒரு பாடமா இருக்கும்."

"பாடம் எதுக்கு சார்? இது கவிதை."

"எல்லாத்துலயும் பாடம் இருக்குப்பா." பேனாவை மூடித் திறந்தார். "பின்பக்கம் மட்டும்தானே அச்சடிக்கிறீங்க?"

"முன்பக்கத்த யாரு சார் பாக்கப் போறா?"

"அதான், அதான். ஏப்ரல்ல உன் புரமோஷன் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்கிறது. ஏன் இப்போது அதைச் சொன்னார் என்பதும் தெரிகிறது. எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 27

கண்டுபிடித்துவிட்டேன்!

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. ஒரு கவிதை:

பால் லாரியில் வருகிறது,
பவுடர் பையில் போகிறது.
நடுவிலிருந்த தண்ணீர் எங்கே போயிற்று
என்று கேட்டவனை
ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

இந்தக் குசும்பு காலை ஷிப்டில்தான் அவருக்கு வரும். முன்பக்கத்தைத் திருப்பினேன். முதல் ஷிப்ட், 7.40. இன்னொன்றைத் திருப்பினேன். "மதியத்துக்கு மேல் ஸ்பேனருக்கும் கண் சொருகுகிறது." இரண்டாம் ஷிப்ட், 2.50. மனைவியைப் பற்றிய பதினைந்தில் பதிமூன்று மூன்றாம் ஷிப்ட். ஆள் ராத்திரி வீட்டில் இல்லாதபோது எழுதியவை.

தேதியை விட்டுவிட வேண்டும். கடிகாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வருடமானால் என்ன, காலை ஆறு மணிக் கவிதையில் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் முடிக்க வேண்டும். ஆறு வருடக் கவிதையும் ஒரே நாள். மூன்று ஷிப்டும் அவரே பார்க்கிறார்.

மழை தானாகவே பிரிந்து உட்கார்ந்தது. காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று, ராத்திரி இரண்டு. கடைசிக் கவிதை 5.55.

ஊருக்கெல்லாம் சாவி ராவுகிறவளே,
நம் வீட்டுக் கதவை மட்டும்
வெறும் தாழ்ப்பாளோடு விட்டிருக்கிறாய்.
திருடனுக்கு ஒன்றுமில்லை.
எனக்கு எல்லாம் இருக்கிறது.

அக்கா பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். திண்டுக்கல் பூட்டு. கவிதையில் கண்ணீர் வருமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். எனக்கு ஜலதோஷம்.

பிப்ரவரி 1, சனி

ஹமீதா ஒரு மணி நேரம் படித்தார். நடுவில் வந்த கல்யாணப் பத்திரிகைக்காரரை, "பொண்ணு எங்கயும் ஓடிராது, உக்காருங்க" என்று உட்கார வைத்துவிட்டார்.

"இன்ஜினியர், இது புஸ்தகம்."

"தெரியும்."

"திமிரப் பாரு." சிரித்தார். தலைப்பையும் அவரே சொன்னார். ‘இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள்.’ அதைவிட நல்லது கிடையாது. பிறகு விரலை நக்கிக்கொண்டு எண்ணினார். "அறுவத்திரண்டு. நாகஜோதி எங்கிட்ட போன்ல அறுவத்து மூணுன்னுச்சே?"

"ஒண்ணு சேராது. தேதி இல்ல, நேரம் இல்ல. எங்க வைக்கிறது?"

"நேரம் இல்லாட்டி என்ன, கவிதை இருக்குல்ல? கொண்டாங்க பாப்போம்."

"வேண்டாம் மேடம். அறுவத்திரண்டு போதும். பதினாறு பக்கப் பாரமா மடிக்கிறதுக்கும் உங்களுக்குச் சௌகரியம்."

"என் மடிப்ப நான் பாத்துக்கறேன். நீங்க என்னத்த மடிச்சு வச்சிருக்கீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். 20ஆம் தேதிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வெட்டிப் பேச்சுக்கு நேரமில்லை.

பிப்ரவரி 3

விட்டுப்போன அந்த ஒன்று பலவீனமான கவிதை. தொகுப்பு என்றால் பலவீனமானதை எடுத்துவிடுவதுதான். எல்லோரும் செய்வதுதான்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதைப் படித்தேன். பலவீனம் என்று எழுதியிருக்கிறேன். நான் அதை இன்னும் படிக்கவே இல்லை.

பிப்ரவரி 8, சனி

ஆசிரியர் குறிப்புக்கு ஒப்புதல் வாங்குவதற்காகப் பூட்டுப் பட்டறைக்குப் போனேன். அக்கா அரத்தால் சாவியை ராவிக்கொண்டே, "வாசிங்க" என்றார். கிரிதரன் சார் அனுப்பிய முன்னுரையையும் வாசித்தேன். "பெர்மிட் பெறாமல் பணியில் இறங்கிய ஒரு நொடிக் கவனக்குறைவு" என்ற இடத்தில் அரம் நின்றது.

"தம்பி, எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்துனா மூணு தடவ மோந்து பாப்பாரு. நான் அடுப்பப் பத்த வைக்கணும்னா தள்ளி நில்லுன்னு சொல்லிட்டு அவரே பத்த வைப்பாரு. அந்த ஆளு பெர்மிட் வாங்காமப் போனாரா?"

"அறிக்கையில அப்படித்தான்க்கா இருக்கு."

"அறிக்கையக் கேக்கல. உங்களக் கேட்டேன்."

பட்டறையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். எல்லா அரமும் நின்றிருந்தது.

"அறுவத்து மூணாவது தாளு எங்க தம்பி?"

"தேதி இல்லக்கா. வரிசையில சேரல."

"தேதி இல்ல. மூலையில செவப்பு மையில நம்பர் இருக்கே? 20418."

முன்னுரையை மடித்துப் பையில் வைத்தேன்.

"அவரு ஆஸ்பத்திரியில கெடந்த ரெண்டாம் நாளு, உங்க ஆலைக்காரங்க சாப்பாட்டுப் பைய எங்கிட்டக் கொடுத்தாங்க. தூக்குவாளி தெறக்கவே இல்ல. நான் காலையில கட்டிக் கொடுத்த கத்தரிக்காக் குழம்பு நொதிச்சு வழிஞ்சிருந்துச்சு. அடியில இந்தத் தாளு. மத்ததெல்லாம் முன்பக்கம் நெறைய எழுதியிருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. உங்க கையெழுத்து மட்டும் இருந்துச்சு. எனக்குப் படிப்பு பத்தாவது. ஆனா எழுதாத தாளுல யாரும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எனக்கே தெரியும்."

"அக்கா..."

"நாலு மாசம் பீரோவுல வச்சிருந்தேன். போலீசுக்குப் போகலாம்னு தம்பிகாரன் சொன்னான். நான்தான், மொதல்ல அந்த இன்ஜினியருகிட்ட கொடுப்போம், என்ன செய்றாருன்னு பாப்போம்னு சொன்னேன். இந்தத் தாளப் படிக்க உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னேன்ல? அது இதுக்குத்தான்."

சாவியை ஊதினார். தூள் என் சட்டையில் விழுந்தது.

"போயிட்டு அடுக்கிட்டு வாங்க."

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது, நேராக எழுதுகிறேன்.

என் ஷிப்டில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் பத்து வெற்று பெர்மிட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு ஃபிட்டர் அறையில் வைத்துவிடுவேன். வேலை வரும்போது அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நடந்து போய் நின்றால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வீண் என்று கணக்குப் போட்டவன் நான். மற்ற இன்ஜினியர்களும் செய்தார்கள். ஆரம்பித்து வைத்தது நான். உற்பத்தி கூடியதற்கு ஒரு கேடயமும் வாங்கினேன். வீட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 19, காலை 9.04. சோலை அண்ணன் போன் பண்ணினார். அந்த அழைப்புப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. ஏன் அழிக்கவில்லை என்று தெரியாது.

"தம்பி, நீராவிக் குழாய் வேலை. சின்ன வேலை இல்ல. ஒரு எட்டு வந்து வால்வப் பாத்துட்டுப் பூட்டப் போடுங்க. நான் ரெடியா நிக்கிறேன்."

"அஞ்சு நிமிஷம்ண்ணே, வர்றேன்" என்றேன்.

ஆடிட் ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். 9.35க்கு மறுபடியும் கூப்பிட்டார். நான் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை: "ஏண்ணே, கையெழுத்துதான் போட்டு வச்சிருக்கேன்ல? அதான் மூடியாச்சுன்னு சொல்றேன்ல. எழுதிட்டு ஆரம்பிங்க. சின்னப் புள்ளையா நீங்க?"

காலை ஆறரைக்கு வால்வை மூடச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு வேறொருவர் திறந்திருக்கிறார். போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் மேஜையிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். இப்போது அளந்து வைத்திருக்கிறேன்.

அவர் பெர்மிட் எழுதினார். எண் 20417. விதிப்படி அதைக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கிரிதரன் சார் அதை அவிழ்த்து, மடித்து, பேன்ட் பையில் வைத்ததை நான் பார்த்தேன். "நீ பெர்மிட்டே கொடுக்கல. அவன் கேக்கவும் இல்ல. புரியுதா?" என்றார். புரிந்தது. ஃபிட்டர் அறையில் மிச்சமிருந்த கையெழுத்துத் தாள் எட்டையும் பாய்லரில் போட்டது நான்தான். ஒன்பதாவதாக ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவில்லை என்பதும் பொய். எண்ணினேன்.

வாக்குமூலத்தில், "சோலைமலை எனக்காகக் காத்திருக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. தட்டச்சு அவர்கள், கையெழுத்து நான். அதையும் படிக்காமல் போட்டேன்.

இன்று காலை தாளைத் திருப்பினேன். பயன்படுத்தாத பெர்மிட்டில் அவர் எழுதியது இது ஒன்றுதான். அப்படியே எழுதுகிறேன்:

ஐந்து நிமிஷத்தில்
வருகிறேன் என்ற இன்ஜினியர்த் தம்பிக்கு
வயது இருபத்தேழு.
எல்லாம் அவசரம்.
நான் காத்திருப்பதை
வேலை என்று எழுதலாமா?
குழாய்க்குள் நீராவியும்
என்னைப் போலத்தான் நிற்கிறது,
யாராவது திறக்கட்டும் என்று.
வரட்டும்.
வந்தால் அவனுக்கும்
ஒரு டீ சொல்ல வேண்டும்.

பலவீனமான கவிதை இல்லை.

பிப்ரவரி 10

ஹமீதாவிடம் 63ஐக் கொடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வைக்கப் போறீங்க? கடைசியிலயா?"

"கடைசியில வச்சா அவரு செத்துப்போனதோட புஸ்தகம் முடிஞ்சிரும். அதுக்கு நான் விட மாட்டேன்."

"பின்ன?"

"9.04. காலை ஷிப்ட். எட்டே முக்கால் வடைக் கவிதைக்கும் பத்து மணி மழைக் கவிதைக்கும் நடுவுல. அதுக்கப்புறம் அம்பத்தோரு கவிதை இருக்கு மேடம். மத்தியானம் வரட்டும், ராத்திரி வரட்டும், அவரு பொண்டாட்டிகிட்டப் பேசட்டும். இடது பக்கம் தாளோட முன்பக்கத்த அப்படியே படம் எடுத்துப் போடுங்க. வெற்றுக் கட்டம், நம்பர், என் கையெழுத்து. வலது பக்கம் கவிதை. விளக்கம் ஒரு வரிகூட அங்க வேண்டாம்."

"ஆலைக்காரன் கேஸ் போட்டா?"

"என் கையெழுத்து. நான் எங்க வேணா அச்சடிப்பேன்."

"அச்சடிக்கிறது நான்ல?" என்றார். பிறகு, "சரி, போடட்டும். எங்க வாப்பா அச்சகத்த ரெண்டு தடவ சீல் வச்சிருக்காங்க. மூணாவது என் கணக்குல இருக்கட்டும்" என்றார்.

ஆசிரியர் குறிப்பை அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பிறந்த ஊர், வேலை, மனைவி பெயர். பிறகு: "ஷிப்ட் இன்ஜினியர் ஜெரால்டு வால்வைப் பார்க்காமல் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த பெர்மிட்டை நம்பி வேலையைத் தொடங்கியதால் இறந்தார். அவர் முப்பத்தொரு நிமிடம் காத்திருந்தார்."

ஹமீதா ஒரு வார்த்தையும் திருத்தவில்லை.

பிப்ரவரி 12

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் புதிய வாக்குமூலம் கொடுத்தேன். ஆறு பக்கம். இந்த முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் கிரிதரன் சாரிடம் நகலைக் கொடுத்தேன். முன்னுரையையும் திருப்பிக் கொடுத்தேன்.

"பைத்தியமாடா உனக்கு? உன்ன உள்ள தூக்கி வச்சுருவாங்க. செத்தவன் வரப் போறானா?"

"வர மாட்டாரு சார். கூப்பிட்டவுடனே வர்ற ஆளுதான் அவரு. நான்தான் போகல."

"நான் தாள எடுத்தேன்னு எழுதியிருக்க. சாட்சி?"

"நான் சார்."

"நீ பொய் சொன்னவன்டா. உன்ன எவன் நம்புவான்?"

"நம்பலன்னா பரவாயில்ல. ரெண்டுல ஒரு வாக்குமூலம் பொய்ன்னு ஆயிருச்சுல்ல? எதுன்னு அவங்க தோண்டட்டும்."

பிப்ரவரி 13

சஸ்பெண்ட். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டைரியைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு மெய்ப்புத் தாளோடு போனேன். உண்மையிலேயே கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். பாயில் எல்லாவற்றையும் நேர வரிசையில் பரப்பிவைத்தேன். அக்கா காலை ஆறு மணியிலிருந்து நடந்து வந்தார். நிஜமாகவே, ஓரமாக, கவிதை கவிதையாக நடந்தார். வடைக்குச் சிரித்தார். 9.04க்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே போய் நின்றேன்.

திரும்ப வந்தபோது மூன்றாம் ஷிப்டில் இருந்தார்.

"இந்த மூணு மணிக் கவிதையும் நாலு மணிக் கவிதையும் எடம் மாத்துங்க. மொதல்ல கோவப்பட்டு எழுதியிருக்காரு, அப்புறம் சமாதானம். நீங்க வச்ச மாதிரி இருந்தா சமாதானமாகிட்டுக் கோவப்பட்ட மாதிரி இருக்கு. அவரு அப்படி ஆளு இல்ல."

"முன்பக்கத்துல நேரம் அப்படித்தான்க்கா இருக்கு. நேரத்த மீறி ஒண்ண மாத்துனா முழு வரிசையும்..."

"தம்பி. அந்தச் சண்ட எனக்குத் தெரியும்."

மாற்றினேன். மொத்தப் புத்தகத்திலும் கடிகாரத்துக்கு அடங்காத இடம் அது ஒன்றுதான். அது அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

உள்ளே பாதுகாப்பு வார விழா. ஒலிபெருக்கியில் கிரிதரன் சார் உறுதிமொழி வாசிக்கிறார். வெளியே கேட்டுக்கு எதிரே நானும் அக்காவும். ஹமீதா ஆட்டோவில் முந்நூறு பிரதியை இறக்கிவிட்டு, "வேற கல்யாணம் இருக்கு" என்று போய்விட்டார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. உள்ளே இருந்தவர்கள் வெளியே, வெளியே இருந்தவர்கள் உள்ளே. அக்கா அந்த பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். செக்யூரிட்டி வந்து, "இங்க நிக்கக் கூடாதுங்க" என்றார். "ரோடு உங்க ஆலையுதா?" என்று அக்கா கேட்டார். அவர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

ஒருவன் என் கையெழுத்து இருக்கும் நாற்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் காலடியில் துப்பினான். அண்ணனோடு பத்து வருடம் வேலை பார்த்த ஃபிட்டர், காசி. நான் நகரவில்லை. துடைக்கவும் இல்லை. அவன் புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இன்னைக்குக் காலையில பாய்லர் வேலை. நாங்க நாலு பேரும் உக்காந்துட்டோம். புது இன்ஜினியரு நேர்ல வந்து வால்வப் பாத்துப் பூட்டுப் போட்டப்புறம்தான் எந்திரிச்சோம். அம்பது நிமிசம். மேனேஜரு கத்துனாரு. கத்தட்டும்னு உக்காந்திருந்தோம்."

போய்விட்டான்.

கூட்டம் வடிந்ததும் அக்கா எதிர்க் கடைக்குப் போனார். இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்கத் தயங்கினேன்.

"பிடிங்க. நான் ஒண்ணும் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கேஸ் நடக்கட்டும், நீங்க உள்ள போனா போயிட்டு வாங்க. இது அவரு சொல்லணும்னு எழுதி வச்சது. அது பாக்கி இருக்கக் கூடாது."

வாங்கினேன். நின்றுகொண்டே குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

அக்கா பட்டறைக்கு பஸ் ஏறினார். டின்னிலும் கட்டுகளிலுமாக இன்னும் எழுபத்து நாலு பிரதி. மூன்றாம் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போகப் பத்து மணி ஆகும். ஏழரை மணி நேரம் இருந்தது.

கேட்டுக்கு எதிரே டின்னை வைத்துவிட்டு நின்றேன்.